ஹார்ட்னஸ் ஏறினா போதுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அலுமினியம் காம்போசிட் எடுக்கப் போறீங்களா? மெக்கானிக்கல்ல பாதிப் பேர் அங்கதான் வந்து நிப்போம். அலுமினியத்தை உருக்கணும், சிலிக்கான் கார்பைடு தூளைப் போட்டுக் கிளறணும், அச்சில் ஊத்தணும், ஹார்ட்னஸ் பார்க்கணும். எண் ஏறும், ரிப்போர்ட் ரெடி.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தத் துண்டை 3.5 சதவீத உப்புக்கரைசலிலும் போட்டு வையுங்க. ஏறக்குறைய கடல்நீர் அளவு உப்பு அது.

அலுமினியத்தைக் காப்பாத்துறது அதன் மேல் படியும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம். கீறினாலும் காற்றுப் பட்டதும் மறுபடி வளர்ந்துடும். ஆனால் செராமிக் துகள் மேற்பரப்பில் தலைகாட்டும் இடத்தில் அந்தப் படலம் அறுபடுது. துகளும் உலோகமும் சேரும் விளிம்பில் குளோரைடு நுழைந்து குழி பறிக்கும். துகளுக்கு ஒண்ணும் ஆகாது. அதைப் பிடிச்சிருக்கிற அலுமினியம்தான் கரையும்.

உலைச் சூடும் இதில் சேரும். உருகிய உலோகம் அதிகச் சூட்டில் ரொம்ப நேரம் இருந்தால், அலுமினியமும் சிலிக்கான் கார்பைடும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது தண்ணீர் பட்டால் மீத்தேனை விட்டு, ஹைட்ராக்சைடாக மாறிடும். பிடிமானம் போச்சு. சிலிக்கான் அதிகமுள்ள கலவையைத் தேர்ந்தெடுத்தால் இந்த வினை அடங்கும். அலுமினா துகளில் இந்தக் கார்பைடு தொல்லையே கிடையாது.

எங்க டீம் துண்டுகளில் துகள் கூடக்கூட ஹார்ட்னஸ் ஏறுச்சு, குழிகளும் ஏறுச்சு. எடை இழப்பை மட்டும் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியலை. மைக்ரோஸ்கோப்பில் வச்சப்போதான் குழிகள் தெரிஞ்சது. "இந்தப் பக்கத்தை எடுத்துடலாம், வைவால மாட்டிப்போம்"னு டீமில் பேச்சு வந்தது. ரெண்டு நாள் சண்டை. நான் ஒத்துக்கலை. அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் நம்ம ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு, படகுக்கு ஒரு பாகம் செய்யலாம்னு கிளம்பினா? ஹார்ட்னஸ் கிராஃபை நம்பித்தானே கிளம்புவான்? கடைசியில் அந்தப் பக்கம் ரிப்போர்ட்டிலேயே இருந்தது. வைவாவில் கேள்வியும் வந்தது. பதில் சொல்ல எங்களிடம் படமும் இருந்தது, காரணமும் இருந்தது.

அதனால நீங்க ஆரம்பிக்கும்போதே ரெண்டு துண்டு கூடுதலா வார்த்து வையுங்க. துகள் சேர்க்காத வெறும் அலாய் ஒண்ணும் பக்கத்திலேயே ஊறட்டும். ஒப்பிட அது இல்லாம, குழி எதனால வந்ததுன்னு சொல்லவே முடியாது.