சாக்லேட் தின்றால் எடை குறையுமா?

2015-ல் ஓர் இனிப்பான செய்தி வந்தது. கறுப்பு சாக்லேட் தின்றால் எடை சீக்கிரம் குறையுமாம்! ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது.

அதே ஆண்டு மே மாதம் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் குட்டை உடைத்தார். ஆய்வை நடத்தியதே அவரும் ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்களும்தான்! எடை, கொழுப்பு, தூக்கம் என 18 விஷயங்களை அளந்தார்கள். ஆட்களோ வெறும் 15 பேர். இவ்வளவு குறைவான ஆட்களிடம் இத்தனை அளந்தால், தற்செயலாகவே ஏதாவது ஒன்று சாதகமாக வந்துவிடும். அந்த 15 என்ற எண்ணை ஒரு செய்தியும் சொல்லவில்லை என்றார் அவர்.

சாக்லேட்டோடு போனால் பரவாயில்லை. இதேபோல் ஒரு செய்தியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துபவர் நம் வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம். நாலு பேருக்கு அனுப்பும் முன் கேளுங்கள் நண்பர்களே: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்?