செப்பு அண்டாவும் பேரனின் கம்ப்யூட்டரும்

பொங்கலுக்கு ஆரணி வந்த பேரன் ஒரு பெரிய பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். பெங்களூரில் அவனே பூட்டிய கம்ப்யூட்டராம். உள்ளே தண்ணீர் சுற்றி வந்து சூட்டை இறக்குமாம். "எட்டு மாசம்தான் ஆவுது தாத்தா, இப்ப சூடு ஏறுது. பம்ப் போயிடுச்சு போல" என்றான்.

பம்ப் நன்றாகத்தான் ஓடியது. கழற்றிப் பார்த்தோம். சிப்பின் மேல் உட்காரும் தாமிரக் கட்டையில் முடியளவு காடிகள். அவற்றில் வெள்ளையாகக் கூழ் அடைத்திருந்தது.

"ரேடியேட்டர் என்ன உலோகம்டா?"

"அலுமினியம் தாத்தா. விலை கம்மி."

எனக்கு அப்பாவின் சாயப்பட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

அது 1979. முந்தின வருஷம்தான் மேல்நிலை வகுப்புகள் வந்திருந்தன. நான் வேதியியல் வாத்தியார். துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்தால் 1.1 வோல்ட் என்று டேனியல் மின்கலத்தைப் பலகையில் வரைந்து நடத்துகிறவன். பட்டறையில் செப்பு அண்டாவில் கொதிக்கும் வெந்நீரை மொண்டு மொண்டு அலசுகிற தொட்டிக்கு அப்பா சுமப்பார். பார்க்கச் சகிக்காமல் அண்டாவின் அடியில் துளை போட்டு ஒரு ஜி.ஐ. குழாயை மாட்டிவிட்டேன். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. பலகையில் வரைந்ததையே வீட்டில் கட்டி வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவேயில்லை. வெந்நீர் வேறு, கேட்க வேண்டுமா! சில மாதத்தில் மூட்டருகே பூச்சு கரைந்து இரும்பு அரிக்க ஆரம்பித்தது.

ஒருநாள், இரவெல்லாம் குழாயில் தங்கிய துருத் தண்ணீர் விடியற்காலை அலசலில் இறங்கிவிட்டது. முகூர்த்தப் புடவைக்கான பாவு நூல், நல்ல எலுமிச்சை மஞ்சள். திட்டுத் திட்டாகப் பழுப்பு. அதை அரக்கில் முக்கித்தான் காப்பாற்ற முடிந்தது. கல்யாண வீட்டுக்காகக் கடன் வாங்கி வேறு நூல் எடுத்தார் அப்பா. என்னைத் திட்டவில்லை. "செப்புப் பானையில இரும்புக் கரண்டியக்கூட உங்க பாட்டி விட்டு வைக்க மாட்டாளேடா" என்றார், அவ்வளவுதான். கன்னாரை அழைத்து அண்டாவுக்குச் செம்பிலேயே மூக்கு வைத்துக்கொண்டார்.

பேரன் விடவில்லை. "நடுவுல ரப்பர் டியூப்தானே தாத்தா, ரெண்டும் தொடவே இல்லையே?"

நல்ல கேள்வி. தொடாமலிருந்தால் பிழைக்கும் என்பது ஓரளவு உண்மைதான். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலின் அடியில் தாமிரத் தகடு அடித்தது. ஆணிகள் இரும்பு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஆணிகள் இற்றுத் தகடுகள் கழன்றிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணிகள் அப்படியே இருந்தன. ஒரு காகிதம் செய்த வேலை!

ஆனால் இவன் பெட்டியில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. தாமிரம் துளித்துளியாய்க் கரைந்து அலுமினியத்தின் மேல் போய் ஒட்டுகிறது. ஒட்டின ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி மின்கலம். பாடப்புத்தகக் கணக்கில் இந்த இரண்டுக்கும் 2 வோல்ட் வித்தியாசம், என் குழாயைவிட மோசம். அலுமினியத்தின் ஆக்சைடு படலம்தான் கொஞ்ச நாள் தாங்கியிருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றினேன் என்றான். கரைந்தது சேரச் சேர அதுவும் மின்சாரம் கடத்தும். கூலன்ட் ஊற்றினால் அரிப்பு தாமதமாகும், நிற்காது. பித்தளையும் நிக்கல் முலாம் பூசிய தாமிரமும் தாமிரத்துக்கு மாமன் மச்சான் மாதிரி, அனுசரித்துப் போகும். அலுமினியம் ஆகாது.

செப்பு ரேடியேட்டருக்குப் பாதிப் பணம் நான் தருவதாகப் பேச்சு. கிளம்பும்போது பட்டறையைக் காட்டச் சொன்னான். அடுப்புக்கு மேலே ஆணியில் அந்த ஜி.ஐ. குழாய்த் துண்டை அப்பா மாட்டி வைத்திருந்தார். அவர் போய் இருபது வருஷமாகியும் நான் கழற்றவில்லை. ஒரு பக்கம் சல்லடையாகிவிட்ட அந்தத் துண்டைப் பேரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே ஆணியில் மாட்டினான்.