புளி வாசமும் தாத்தாவின் தோட்டாக்கூடும்

குன்னூரில் எங்கள் வீட்டு பூஜையறையில் ஊதுபத்தி செருகத் தனி ஸ்டாண்ட் கிடையாது. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் இருந்த தாத்தா விட்டுப்போன, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக்கூடுதான் ஸ்டாண்ட். மலைப் பனிக்கு அது சீக்கிரமே கறுத்துவிடும். வியாழக்கிழமைதோறும் விளக்குகளோடு சேர்த்து அதையும் பாட்டி புளி போட்டுத் தேய்ப்பார்.

இப்போது பாட்டிக்கு விரல் மூட்டெல்லாம் வலி. தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அதை எடுத்துப்போனேன். அங்கே கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் வெந்நீர், துளி சோப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள். கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உருவாகி உடைந்து, விரல் நுழையாத உட்புற அழுக்கையும் உதிர்த்துவிடும். பித்தளையின் கறுப்பைக் கரைப்பது எலுமிச்சையின் அமிலம். பாட்டியின் புளி செய்வதும் அதே வேலைதான். பத்தே நிமிடத்தில் தங்கம்போல மின்னியது.

பாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா, தேய்க்கிறப்பதானே உங்க தாத்தாகிட்ட நாலு வார்த்தை பேசுவேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. சில வாரங்களில் அது மறுபடி கறுத்தது. போன வியாழக்கிழமை புளி ஊறவைத்ததும் தேய்த்ததும் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டி பேசிக்கொண்டே இருந்தார்.