மேல் வகுப்புக்குப் போகலாமா?

பள்ளிக்கூட வாத்தியாரை ஆயுள் முழுவதும் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு. "சார், என் பையன் பாஸா?" என்பதுதான் அது. இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பழகியிருக்கிறேன். ஆனால், "சார், நாங்கள் பாஸாக வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டவர்கள் இதுவரை ஒருவரும் இல்லை. அம்மையார்குப்பத்துக் கால்பந்துப் பையன்கள் இப்போது அதைக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லுவது நான் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை.

கால்பந்து லீக் என்பதைப் பார்த்திராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது வகுப்பு வகுப்பாக அமைந்த பள்ளிக்கூடம் போன்றது. ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பன்னிரண்டு கிளப்புகள் இருக்கும். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். வருஷக் கடைசியில் முதலில் நிற்பவர் மேல் வகுப்புக்குப் போவார். கடைசியில் நிற்பவர் கீழ் வகுப்புக்கு இறங்குவார். இந்த இறங்குகிற ஏற்பாடு நம் பள்ளிக்கூடங்களில் கிடையாது. இருந்தால் பெற்றோர்கள் என்னை ஊரில் இருக்கவிட மாட்டார்கள்.

எங்கள் பையன்கள் எந்த வகுப்பிலும் இல்லை. லீக் என்னும் பள்ளிக்கூடத்தின் வேலிக்கு வெளியே நின்று ஆடுகிறவர்கள் அவர்கள். பொங்கலுக்கும் ஆடிக்கும் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் பந்தயங்களுக்குப் போவார்கள். எதிரணி சில சமயம் நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வரும். அப்போது மைதானத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வசைமாரி பொழியும். ஜயித்தால் ஓர் ஆட்டுக்கிடாய், அல்லது எவர்சில்வர் அண்டா, அல்லது யாராவது பிரமுகர் கொடுக்கும் ரொக்கம். கிடாயை அன்றிரவே தீர்த்துவிடுவார்கள். அண்டா கோயிலுக்குப் போகும். ரொக்கத்தைப் பற்றி நான் விசாரிப்பதில்லை.

இவர்களில் பாதிப் பேர் விசைத்தறியில் வேலை செய்கிறவர்கள். எங்கள் ஊரே தறியூர். காலையில் கண் விழித்தது முதல் இரவு கண்ணயரும்வரை தறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கைத்தறியில் நாடாவை வீசியவர்களின் பேரன்மார் இன்று பொத்தானை அழுத்திவிட்டு நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நாள் முழுவதும் நின்றுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு ஓடி வருவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தால், பந்து இல்லாமலேயே அவர்களுக்கு ஆட்டம் தொடங்கிவிட்டது என்று தோன்றும்.

சென்ற மாதம் அவர்களுடைய தலைவன் என்னிடம் வந்தான். என்னிடம் படித்தவன்தான். "எத்தனை நாளைக்கு சார் ஆட்டுக்கும் அண்டாவுக்கும் ஆடுவது? கிளப்பைப் பதிவு செய்து லீக்கில் சேர்ந்துவிடலாம் என்று பார்க்கிறோம். கடைசி டிவிஷனாக இருந்தாலும் சரி. அப்புறம் வருஷத்துக்கு ஒரு படி" என்றான்.

"வருஷத்துக்கு ஒரு படி" என்ற வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. திருத்தணி மலைக்கு முந்நூற்றறுபத்தைந்து படி. நாளுக்கு ஒன்று என்று பெரியவர்கள் கணக்குச் சொல்லுவார்கள். கால்பந்தின் படிகள் அவ்வளவு ஒழுங்காக அமைந்தவை அல்ல.

நமது தேசத்தில் இந்த மேல் வகுப்பு விவகாரம் வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. 1911 ஜூலை 29-ஆம் தேதி மோஹன் பகான் அணி கிழக்கு யார்க்ஷையர் படைப்பிரிவைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். பதினொரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இந்தியக் கிளப்புகள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கிளப், 1924-ல் இரண்டாம் டிவிஷனில் முன்னணிக்கு வந்தது. தகுதி இருந்தது, இடம்தான் இல்லை! பெரிய கிளர்ச்சிக்குப் பின் விதி தளர்ந்து, 1925-ல் அந்தக் கிளப் மேலே போயிற்று. அடுத்துச் சில வருஷங்களில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் வந்தது. 1933-ல் இரண்டாம் டிவிஷனில் முதலாக வந்து மேலேறிய கிளப், 1934-ல் முதல் டிவிஷனையே வென்றது. அதோடு விட்டதா? 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து வென்றது. அதற்குமுன் அந்த லீக்கை எந்த இந்தியக் கிளப்பும் வென்றதில்லை. "உங்களுக்கு உங்கள் இடமே போதும்" என்று மேலே இருப்பவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு கிளப்புகளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. இந்த முறை பூட்டுப் போட்டது வெள்ளைக்காரன் அல்ல, பணம். கீழிருந்து ஆடி மேலே வர வழியே வைக்கவில்லை. 2022-23-ல் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் கிளப்புக்குத்தான் முதன்முதலில் கதவு திறந்தது. மறுவருஷம் வென்று உள்ளே போனது, கல்கத்தாவின் அதே பழைய முகம்மதன் ஸ்போர்ட்டிங். 2024-25-ல் அது கடைசி இடத்தில் வந்து நின்றது. சம்பளப் பாக்கிக்காக ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுத்த சம்பவமும் நடந்தது.

நம் சென்னைக்காரர்களின் கதை இன்னும் விசித்திரம். 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. பிற்காலத்தில் வந்த சென்னை சிட்டி கிளப், 2016-17-ல் ஐ-லீக்கில் நேரடியாகவே சேர்த்துக்கொள்ளப்பட்டது. நுழைவுத் தேர்வு இல்லாத சேர்க்கை என்று சொல்லலாம். பெயர் சென்னை, ஆடியது பிறகு கோயமுத்தூரில். முதல் இரண்டு வருஷம் தட்டுத் தடுமாறிய பின், 2019 மார்ச் 9-ஆம் தேதி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், மினர்வா பஞ்சாபுக்கு எதிராக முதலில் ஒரு கோல் வாங்கி, பின்பு மூன்று கோல் போட்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியன் பட்டம் பெற்றது. எட்வின் வான்ஸ்பால் போன்ற நம் பிள்ளைகள் அந்த அணியில் இருந்தார்கள். அன்றிரவு நான் வீட்டில் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கிளப் பங்கு வாங்கியது. 2020-ல் ஆசியப் போட்டியில்கூட ஆடினார்கள். பிறகு? 2021-22 ஐ-லீக் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சென்னை சிட்டி என்ற பெயரே கிடையாது. சாம்பியனாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

இதைத்தான் என்னுடைய சகபாடி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எடுத்துக் காட்டுகிறார். "நான் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன், சந்தோஷமாக இருந்தேன். தலைமை ஆசிரியராக்கி நூறு மைலுக்கு அப்பால் அனுப்பினார்கள். கணக்குச் சொல்லிக் கொடுப்பது போய், கணக்கு எழுதுவது வந்து சேர்ந்தது. பையன்களை நிம்மதியாக ஆட விடுமையா!" என்பது அவர் கட்சி. அவர் சொல்லுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஸ்காட்லாந்தில் கிரெட்னா என்று ஓர் ஊர். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் இங்கிலீஷ் காதலர்களால் பெயர் பெற்ற கிரெட்னா கிரீனுக்கு அடுத்த ஊர். எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருப்பது போல் அது இங்கிலாந்து எல்லையில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் மூவாயிரம். வெகுகாலம் இங்கிலாந்தின் சிறிய லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த அந்த ஊர்க் கிளப், 2002-ல் ஸ்காட்டிஷ் லீக்கில் சேர்ந்தது. ஒரு தனவந்தர் கையைத் திறந்து செலவழித்தார். 2005, 2006, 2007 என்று மூன்று வருஷத்தில் மூன்று படி. நடுவில் 2006-ல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கே வந்து, பெனால்டி உதைகளில்தான் தோற்றது. எங்கள் தலைவன் சொன்ன 'வருஷத்துக்கு ஒரு படி' அப்படியே நடந்த ஊர் அது!

மேல் வகுப்புக்குப் போனதும் அவர்களுடைய மைதானம் போதாது என்றாகிவிட்டது. 'சொந்த ஊர்' ஆட்டங்களை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதர்வெல்லில் போய் ஆடினார்கள். 1960-ல் திருத்தணித் தாலூகா ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது, மலையும் கோயிலும் இருந்த இடத்திலேயே இருந்தன, மாறியது காகிதம்தான். கிரெட்னாவிலோ காகிதத்தில் பெயர் உயர்ந்தது. ஆட்டம் ஊரை விட்டுப் போய்விட்டது. 2008-ல் அந்தத் தனவந்தர் நோயில் விழுந்தார், பணம் நின்றது, அவ்வருஷமே கிளப் கலைக்கப்பட்டது. ஊரார் புதிதாக ஒன்றைத் தொடங்கி, மீண்டும் அடிமட்டத்திலிருந்து ஆட வேண்டியதாயிற்று.

கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆகையால் விம்பிள்டன் கதையையும் சொன்னேன். 2002-ல் லண்டனில் ஒரு கிளப்பை அதன் சொந்தக்காரர்கள் வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றார்கள். ரசிகர்கள் கோபத்தில் தாங்களே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். திறந்த வெளியில் பையன்களை வரவழைத்து ஆள் பொறுக்கினார்கள். அடிவகுப்பிலிருந்து ஒன்பதே பருவத்தில் ஐந்து படி ஏறி, 2011-ல் இங்கிலாந்தின் முக்கிய லீக்குக்குள் நுழைந்தார்கள். வேகம் கிரெட்னாவினுடைய வேகம்தான். ஆனால் செலவழித்தது ஒரு மனிதர் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள். யாருக்கு ஜுரம் வந்தாலும் கிளப்புக்குச் சளி பிடிக்காது.

"நமக்கு ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. மிஜோரம் நமக்குப் பெரிய பட்டணம் அல்லவே என்று ஐஸ்வால் கிளப்பைக் காட்டினேன். 2015-16-ல் ஐ-லீக்கிலிருந்து கீழே தள்ளப்பட்ட அணி அது. கோவாவின் கிளப்புகள் சில விலகிக்கொண்டதால் மறுபடி இடம் கிடைத்தது. இடம் கிடைத்த அதே பருவத்தில், 2017 ஏப்ரலில், சாம்பியன் ஆனது! ஃபெயிலான பையனை இரக்கத்தின் பேரில் மேலே அனுப்பி, அவன் மாநிலத்தில் முதலாவதாக வந்தது போல.

இவ்வளவும் பேசிய பிறகு என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், சேரத்தான் வேண்டும் என்பேன். அதற்குக் காரணம் பட்டமும் கேடயமும் அல்ல. எங்கள் அணியில் இடது கோடியில் ஆடும் பையன் ஒருவன் இருக்கிறான். வயது பத்தொன்பது. பகலில் தார் சுற்றும் இடத்தில் வேலை. அவன் பந்தை எடுத்துக்கொண்டு போகும்போது மைதான ஓரத்தில் வெற்றிலை போடும் கிழவர்கள்கூட மென்று கொண்டிருப்பதை நிறுத்திவிடுவார்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியில் ஆடியதால் அல்லவா ஜம்ஷெட்பூர்க்காரர்கள் கண்ணில் பட்டார்? எங்கள் பையன் வாங்கிய கிடாய்கள் ஏழோ எட்டோ. அவற்றில் ஒன்றுக்காவது சான்றிதழ் உண்டா? வங்கியிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனால், அங்கீகாரம் பெற்ற போட்டியின் காகிதத்தைத்தான் கேட்பார்கள். கிடாயை நாம் சாப்பிட்டாகிவிட்டது.

ஆனால் அவனுடைய தாயார் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். "லீக் ஆட்டம் ஞாயித்துக்கிழமை பார்த்தா வருது, சார்? வாரத்துல ரெண்டு நாள் வேலைக்குப் போகலன்னா அந்தக் கூலியை யாரு குடுப்பாங்க? ஜெயிச்சு மேல போனா இன்னும் தூரம் போவணும்னு சொல்றாங்களே" என்றாள். இங்கிலாந்துக் கதையும் மிஜோரம் கதையும் அந்த அம்மாளிடம் செல்லாது. மேல் வகுப்பு என்பதற்கு அவள் வீட்டில் அர்த்தம், இன்னும் அதிகமான பஸ் கட்டணம், இன்னும் அதிகமாக நின்றுபோகும் கூலி.

ஆகவே பையன்களிடம் சில விஷயங்களைக் கறாராகப் பேசியிருக்கிறேன். எந்தப் பிரமுகரிடமும் ஒருவராக மொத்தப் பணம் வாங்கக் கூடாது. தெருவுக்குத் தெரு சிறு சந்தாதான். ஆட்டத்துக்குப் போகிறவனுக்கு அன்றைய கூலி சந்தாப் பணத்திலிருந்து கொடுத்த பிறகுதான் புது ஜெர்ஸி. மேலே போகத் தகுதி வந்தால், அந்த வருஷம் கூலிக்கும் வண்டிக்கும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருப்பது. கடைசி நிபந்தனையைக் கேட்டுத் தலைவன் முகம் சுளித்தான். "ஜெயிச்சுட்டு மேல போகாம இருக்க முடியுமா சார்?" என்றான். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. லீக்கின் விதிப்புத்தகம் அனுமதிக்குமா என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். பதினொரு பேரிடம்தான் இருக்கிறது. இடது கோடிக்காரன் மற்ற ஏழு பேரில் ஒருவன். வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவனையும் அவன் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் போகிறேன். அவனுக்கு அன்றைய கூலி முதல் மாதச் சந்தாவிலிருந்து.