முதலில் படகைத் தூக்குங்கள்

நாங்கள் மூன்று பேர். ஹோனலுலுவில் நடந்த ஒரு மாணவர் சந்திப்புக்குப் போயிருந்தோம். மாலையில் ஒரு படகுச் சங்கத்தின் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். துடுப்பைக் கையில் தருவார்கள் என்று நினைத்தோம். படகைத் தூக்கச் சொன்னார்கள்.

ஆறு பேர் அமரும் நீளமான பைபர் படகு. இடப்பக்கம் 'அமா' என்னும் மிதவை. அதைப் படகோடு இணைக்கும் இரண்டு கொம்புகளுக்கு 'இயாகோ' என்று பெயர். 'கோவா' என்னும் உள்ளூர் மரத்தில் குடைந்த பந்தயப் படகு என்றால் குறைந்தது 400 பவுண்டு, அதாவது சுமார் 180 கிலோ. தனியாளால் அசைக்க முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய அம்மாக்கள், எல்லோரும் கை வைத்தார்கள். நாங்களும் வைத்தோம்.

தண்ணீரில் முதல் இருக்கைக்காரர் வேகத்தை முடிவுசெய்கிறார். ஆறாமவர் திசையைப் பார்த்துக்கொள்கிறார். நடுவிலிருந்து குரல் வந்ததும் எல்லோரும் பக்கம் மாற்றித் துடுப்புப் போடவேண்டும். எங்களில் பலசாலி தன் பாட்டுக்கு வேகமாகப் போட்டார். படகு குலுங்கியதே தவிர வேகம் கூடவில்லை. "முன்னால் இருப்பவரைப் பாருங்கள்" என்றார் பின்னாலிருந்த அக்கா.

இந்தப் படகுக்கு ஒரு அரசியல் உண்டு. 1893-ல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. 1908-ல் வைக்கீக்கியில் 'அவுட்ரிகர் கேனோ கிளப்' தொடங்கியது. அலைச்சறுக்கையும் படகையும் காப்பது நோக்கம் என்றார்கள். உறுப்பினர்களோ பெரும்பாலும் வெள்ளையர். 1911-ல் டியூக் கஹானமோகுவும் நண்பர்களும் 'ஹுய் நாலு' என்று தங்கள் சங்கத்தை முறைப்படி அமைத்தார்கள். மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டியூக் நீச்சலில் தங்கம் வென்றார். பின்னாளில் அந்த முதல் சங்கமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. கரையில் நிறுத்தப்பட்டவர்கள் சொந்தமாகச் சங்கம் வைப்பது ஏன் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு இன்னொரு கரை இருந்தது. மொலொகாயிலிருந்து ஓவாஹுவுக்குக் கடல் கடக்கும் பந்தயம் ஆண்களுக்கு 1952-ல் தொடங்கியது. 1975-ல் பெண்கள் தாங்களே கடந்து காட்டினார்கள். அவர்களுக்கென்று பந்தயம் வந்தது 1979-ல்.

பயிற்சி முடிந்ததும் மறுபடி படகைத் தூக்கினோம், கழுவினோம். அதுவரை யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

தோழர்களே, எங்கள் கூட்டங்களில் யார் பேசுவது என்று மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவது எப்போதும் அதே இரண்டு தங்கைகள். ஊர் திரும்பியதும் நாங்கள் மூவரும் முதலில் அவர்களிடம்தான் பேசினோம். அடுத்த கூட்டத்தில் மைக் அவர்கள் கையில். நாற்காலி எங்கள் வேலை.