சாங்கிக்குப் போனோம், விமானம் ஏறவில்லை

"சாங்கிக்குப் போகிறோம்" என்று சொன்னதும் என் மகள் ஓடிப்போய்த் தன் கடவுச்சீட்டை எடுத்து வந்துவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. சாங்கி என்றால் விமானம், விமானம் என்றால் ஜன்னலோர இருக்கை. "கடவுச்சீட்டு வேண்டாம், நல்ல காலணி இருந்தால் போதும்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

செப்டம்பர் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தான். எங்காவது போக வேண்டும், பிள்ளைகள் ஓடியாட வேண்டும், அப்பாவும் கூட வர வேண்டும். இந்த மூன்றாவதில்தான் சிக்கல். அப்பாவுக்கு 69 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஆனால் ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்கின் கீழே இறங்கி நாளிதழ் வாங்கி வருவதோடு அப்பாவின் நடை முடிந்துவிடும். எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்: "நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்."

அந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காத பயணம் ஒன்றை யோசித்தேன். சிங்கப்பூருக்குள்ளேயே இரண்டு வட்டாரங்கள். முதலில் கிழக்குக் கோடியில் சாங்கியும் அதற்கு எதிரே உள்ள புலாவ் உபின் தீவும். பிறகு வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் பாதையில் ஒரு பகுதி. சாங்கியில் இரண்டு இரவு தங்க ஒரு விடுதி அறை. "முடியலைன்னா அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்ப்பா" என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை.

வானொலி நிகழ்ச்சிக்கு நிமிடக் கணக்கில் பட்டியல் போட்டுப் பழகியவள் நான். இந்தப் பயணத்துக்கும் அப்படியே ஒரு பட்டியல் போட்டேன். முதல் தவறு அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குப் போனோம். உபினுக்குப் போகும் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். நாங்கள் போனபோது ஆளுக்கு நான்கு வெள்ளி. ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. என் பட்டியலின் முதல் இருபது நிமிடங்கள், பன்னிரண்டாவது ஆளுக்காகக் காத்திருந்ததிலேயே போயின.

உபின் ஒரு காலத்தில் கருங்கல் தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் 1924ல் திறக்கப்பட்ட ஜோகூர்க் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. கடைசிக் கல்குவாரி 1999ல் மூடப்பட்டது. வெட்டிய குழிகளில் இப்போது நீர் நிறைந்து ஏரிகளாகக் கிடக்கின்றன. படகுத்துறையை விட்டு இறங்கியதும் வாடகை மிதிவண்டிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் மிதிவண்டி, அப்பாவுக்கு வேன் என்று ஏற்பாடு.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா சதுப்புநிலம். அங்கே நிலமீட்பு நடக்கவிருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் குரல் கொடுத்ததால் 2001 டிசம்பரில் அது ஒத்திவைக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் பலகை நடைபாதை 2007ல் திறக்கப்பட்டது. கடல் வற்றிய நேரத்தில் போனால் சேற்றில் நண்டுகள் நடமாடுவதை மேலிருந்தே பார்க்கலாம்.

அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிதிவண்டிகளை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருந்ததால், பதினோரு வயது மகனுக்கு ஏற்கெனவே பொறுமை போயிருந்தது. அவன் வந்ததே தீவின் மேற்கே கெத்தாம் பூங்காவில் உள்ள மலைச்சைக்கிள் தடங்களுக்காகத்தான். பலகைப் பாதையில் பாதி தாண்டியதும் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்கம்மா, நான் படகுத்துறைக்கிட்ட இருக்கேன்" என்றார்.

அவரை வேனில் ஏற்றிவிட்டுக் கெத்தாமுக்குப் போனோம். ஒரு மணி நேரம் என்று நினைத்தது இரண்டரை மணி நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது ஒரு கடையில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு காலிக் கோப்பைகள். கோபமே இல்லை. "பிள்ளைங்க நல்லா விளையாடினாங்களா?" என்று மட்டும் கேட்டார். மாலையில் அறைக்கு வந்ததும் சொன்னார்: "நாளைக்கு நீங்க போங்க. நான் ரூம்ல இருக்கேன்."

ஜூரோங் வெஸ்ட்டில் சொல்வதையே சாங்கியிலும் சொல்ல வைத்துவிட்டேனே என்று இருந்தது.

அன்றிரவு சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட்டபடி என் கணவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இது முழுக்க நம்ம பையனோட வேகத்துக்குப் போட்ட திட்டம். மாமாவை நீ வேன்ல ஏத்தி இறக்கியிருக்கே, அவ்வளவுதான்" என்றார். சுருக்கென்றது. ஆனால் உண்மை. பையனுக்கு மிதிவண்டி, மகளுக்கு நண்டு, எங்களுக்குப் படம் எடுக்கும் வேலை. அப்பாவுக்குக் காத்திருப்பது மட்டும்தான்.

அங்கேயே புதிதாக எழுதினோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். இரண்டு குழுவாகக் கிளம்பலாம், ஆனால் சேரும் இடம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நிழலும் உட்கார இடமும் கழிப்பறையும் வேண்டும். மெதுவாக நடப்பவரின் தூரத்தை அவரே முடிவு செய்ய வேண்டும்.

மறுநாள் காலை எழுந்தால் அப்பாவைக் காணோம். பதறிப்போய்க் கீழே இறங்கினால், நெற்றியில் குங்குமத்தோடு மெல்ல நடந்து வருகிறார். சாங்கி வில்லேஜ் சாலையில் உள்ள ஸ்ரீ ராமர் கோயிலுக்குத் தனியாகவே போய் வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அன்று 2.2 கிலோமீட்டர் சாங்கி பாயிண்ட் கடலோர நடைபாதையில், அப்பா முடிந்தவரை நடந்தார். பிள்ளைகள் முன்னால் ஓடுவதும் அவரிடம் திரும்பி வருவதுமாக இருந்தார்கள். தலைக்கு மேலே தாழ்வாக விமானங்கள் போயின. மகள் ஒவ்வொன்றுக்கும் கையசைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டாவது வட்டாரம். கணவரும் பிள்ளைகளும் ஹில்வியூ பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கிப் பழைய ரயில் பாதையில் தெற்கு நோக்கி நடந்தார்கள். நானும் அப்பாவும் அதே டௌன்டவுன் வழித்தடத்தில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம். சேருமிடம் அதுதான்.

1932ல் கட்டப்பட்ட சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். 2011 ஜூலை 1 முதல் மலேசிய ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றுவிட, இந்த நிலையத்துக்கும் வேலை இல்லாமல் போனது. புதுப்பித்து 2022ல் திறந்திருக்கிறார்கள். நடைமேடையில் நின்ற அப்பா எதையோ தேடுவதுபோல் பார்த்தார். இளவயதில் கோலாலம்பூரில் இருந்த அத்தை வீட்டுக்கு இரவு ரயிலில் போனவர் அவர்.

"பசங்க எந்தப் பக்கமிருந்து வருவாங்க?" என்றார். வடக்கே கை காட்டினேன். நடக்க ஆரம்பித்துவிட்டார். நிலையத்தை அடுத்து, சாலைக்கு மேலே செல்லும் இரும்புப் பாலம் வரை போய் நின்றார். சற்று நேரத்தில் பாலத்தின் மறுமுனையில் பிள்ளைகள் தெரிந்தார்கள். "தாத்தா!" என்று மகன் ஓடி வந்தான். அன்று அப்பாதான் அவர்களை எதிர்கொண்டு அழைத்து வந்தார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் கதை தொடங்கியது. இது ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ரயில் எதிரெதிரே வந்தால்? ஓட்டுநர் கையில் அடையாள வளையம் இருந்தால்தான் ரயில் அடுத்த பகுதிக்குள் போகலாம். நிலையத்தில் ஒருவர் நின்று அதைக் கைமாற்றுவார். ஒரு ரயில் பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடும். "அப்போ நிக்கிற ரயிலுக்கு லேட் ஆகாதா தாத்தா?" என்றான் மகன். "ஆகும். நின்னாத்தான் ரெண்டும் ஊர் போய்ச் சேரும்" என்றார் அப்பா. முக்கால் மணி நேரம் கேள்விமேல் கேள்வி. நான் மணி பார்க்கவில்லை.

பிற்பகலில் காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த இந்திய ஊழியர்கள் 1932ல் சிறிய அளவில் தொடங்கிய கோயில் அது. அந்த நிலையம் எழுந்த அதே ஆண்டு.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உபினுக்கு ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள், கடல் வற்றும் நேரத்தை முன்பே பாருங்கள். வாரயிறுதியில் படகுக்கு வரிசை நீளும். இரண்டு வட்டாரங்களுக்கும் காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் வெயிலுக்கும் பிற்பகல் இடிமழைக்கும் தப்பலாம். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

இரவு தேக்காவில் தோசைக்குக் காத்திருந்தபோது மகளிடம் எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். "நண்டு" என்றாள். மகன் "கெத்தாம்" என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. தோசை வந்த பிறகு என் பக்கம் திரும்பி, "டிசம்பர் லீவுல உட்லண்ட்ஸ் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம். நான் எத்தனை மணிக்கு எங்கே நிக்கணும்னு மட்டும் சொல்லு" என்றார்.