ஓதம் திரும்பும் வரை

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் வாழ்பவர்கள் நீரைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. நீரே வாயிற்படி வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஆதலின், ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, பதினெட்டடி நீளமுள்ள சிறிய பாய்ப்படகில் குடும்பத்தோடு காயலுக்குள் செல்லப்போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது, அண்டை வீட்டார் நகைத்ததில் வியப்பில்லை. மிளகு வணிகமும் கணக்குப் புத்தகமும் தமிழர்க்கு உரியவை, படகு தமிழர்க்கு ஆகாது என்பது அவர்களுடைய எண்ணம். காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடியிருப்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல நேரம் இல்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் எவர்க்கும் ஒரு பாயை ஏற்றவும் தெரியாது. படகு நண்பருடையது, அவர் இவ்வூரார்.

இப்பயணத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது. எண்பதைக் கடந்த எங்கள் தந்தையார், திருநெல்வேலிச் சீமையில் உள்ள சொந்த ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். 1962இல், பதினெட்டு வயதில், ஒரு தகரப்பெட்டியுடன் வந்திறங்கி, யூதத்தெருவை ஒட்டிய மிளகுப் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுத அமர்ந்தவர் அவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். “பிழைக்க வந்த இடம் வேறு, இருக்க வேண்டிய இடம் வேறு” என்பது அவருடைய வாதம். மருத்துவ வசதி, தனிமை, வயது என்று எங்கள் தரப்பில் அடுக்கினோம். இரண்டு திங்களாக வீட்டில் பேச்சுக் குறைந்துபோயிற்று. நண்பர் படகைப் பற்றிச் சொன்னதும், ஒரு நாளாவது அந்தப் பேச்சை மறந்திருக்கலாம் என்றுதான் ஒப்புக்கொண்டோம்.

அன்னையார் ஏற மறுத்துவிட்டார். 2015இல் கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே சென்ற படகு விபத்துக்குள்ளாகிப் பதினொருவர் இறந்ததையும், 2023இல் தானூரில் இருபத்திருவர் மூழ்கியதையும் அவர் மறந்தவரல்லர். “நான் கரையில் இருந்து பார்த்துக்கொள்கிறேன், பார்ப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா?” என்று, குடையும் வெற்றிலைப் பையுமாகப் படகுத்துறையில் அமர்ந்துவிட்டார். மிதவைச் சட்டையை அணிய மாட்டேன் என்று முரண்டு பிடித்த தந்தையார், அன்னையாரின் பார்வை ஒன்றிற்கு அஞ்சி அதை அணிந்துகொண்டார்.

காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். மேலைக்காற்று மிதமாக வீசியது. வலப்புறம் வில்லிங்டன் தீவு. இடப்புறம் நீரில் கால் நனைத்து நிற்கும் பண்டகசாலைகளின் முதுகுகள். தெருவிலிருந்து பார்ப்பவர்க்கு இந்தக் கட்டடங்களின் முகம் மட்டுமே தெரியும். நீரிலிருந்து பார்த்தால்தான் அவற்றின் உண்மையான வாயில்கள் எவை என்பது புலப்படும். சரக்கு வந்ததும் போனதும் அந்தப் பின்வாயில் படிகள் வழியாகத்தான். மகனும் மகளும் சுக்கானைப் பிடிக்கப் போட்டியிட்டனர். தந்தையார் பேசவில்லை.

நண்பர் ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்துவிட்டது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதாக அகநானூறு பேசும் முசிறியின் துறையோ மணலால் தூர்ந்தது என்பர். 1920இல் இங்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிக் கப்பல்களுக்கு வழி செய்தார். தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவு எழுந்தது. எங்கள் மகள், “அப்படியானால் இந்தத் தீவுக்குத் தாத்தாவைவிடக் கொஞ்சம்தான் வயது கூடவா?” என்று கேட்டாள். அன்று முதன்முறையாகத் தந்தையார் சிரித்தார்.

மழை வந்த விதம் எதிர்பாராதது. கோட்டைக் கொச்சிப் பக்கத்து மரங்கள் திடீரென வெளுத்தன. அடுத்த நொடி காற்று பாயை அறைந்தது. படகு ஒருபுறம் சாய்ந்து, விளிம்பின் மேல் நீர் ஏறியது. பாயின் அடிக்கழி எங்கள் தலைகளுக்கு ஒரு சாண் மேலே வீசிச் சென்றது. நண்பர் கத்தியபடியே பாயை இறக்கினார். நாங்கள் பிள்ளைகளைப் பற்றிக்கொண்டு படகின் அடியில் குந்தினோம். அஞ்சவில்லை என்று எழுதுவதற்கு இல்லை. கால்மணி நேரத்தில் காற்று முற்றிலும் நின்றது. அதன் பிறகுதான் உண்மையான இடர் தொடங்கியது.

படகு நகர்ந்துகொண்டிருந்தது, காற்றே இல்லாமல். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை, பெரியாறு என ஆறு ஆறுகளின் மழைவெள்ளம் இக்காயலுக்குள் வருகிறது. அதற்குக் கொச்சி முகத்துவாரமே பெருவாயில். வற்றமும் வெள்ளமும் சேர்ந்து எங்களைக் கடலை நோக்கி இழுத்தன. சீனவலைகள் நிற்கும் முனைக்கு அப்பால் ஆடி மாதத்து அலைகள் வெண்மையாக உடைவது தெரிந்தது. சிறு இயந்திரம் ஒன்று படகில் இருந்தது. அது இருமுறை இருமிவிட்டு அடங்கியது. துடுப்பு வலித்தோம். கரையில் இருந்த ஒரு தூண் எங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னே போவது போலத் தோன்றியது.

“தம்பி, துடுப்பை விடுங்க. கரைப்பக்கமா ஒதுக்கி நங்கூரம் போடுங்க. கப்பல் சாலுக்கு வெளியே, இரண்டாள் ஆழம் போதும்” என்றார் தந்தையார். கணக்குப் புத்தகத்தில் பிழை காட்டும்போது இருக்கும் அதே நிதானம். துடுப்புகளை ஒருசேரக் குறுக்கே வலித்து, ஒரு பழைய பண்டகசாலைக்கு நேரே நங்கூரத்தை இறக்கினோம். கயிறு விறைத்தது, படகு தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“வேறு படகை வரச் சொல்லட்டுமா?” என்று கேட்ட நண்பரைக் கையமர்த்தினார். விரல்களில் திதியை எண்ணினார். “மூன்று மணிக்கு வேலியேற்றம். மழைவெள்ளம் இருக்கிறதனாலே அரைமணி பிந்தும். அதுவரைக்கும் இருப்போம்.” தமிழ் தவிர வேறு சொல் கலந்தால் பேரப்பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர் அவர். ஓதத்திற்கு மட்டும் மலையாளச் சொல்லே அவர் வாயில் வந்தது. அந்தச் செய்தியை அவர் கற்றது அந்த மொழியில்தானே!

தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நனைந்த புளியோதரையைப் பங்கிட்டோம். அப்போது அவர் பேசத் தொடங்கினார். ஆலப்புழையிலிருந்து கெட்டுவள்ளங்கள் பாய் விரித்தும் கழி ஊன்றியும் வந்த காலம். ஓதம் ஏறினால்தான் அவை பின்வாயில் படிக்கு அணையும். ஆகவே எந்த நாளில் எந்த வேளைக்குச் சுமைகாரர்களை வரச்சொல்லவேண்டும் என்பது கணக்கரின் பொறுப்பு. ஒருமுறை நேரத்தைத் தவறாகக் கணித்து, சரக்கேற்றிய வள்ளம் சேற்றில் ஆறு மணி நேரம் கிடந்ததற்கு, முதலாளி மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டாராம். “அதுக்கப்புறம் தவறினதில்லை” என்றார். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதில் ஒரு சொல்லையும் நாங்கள் கேட்டதில்லை. கேட்க முனைந்ததும் இல்லை.

தொலைபேசியில் அன்னையாரை அழைத்தோம். அழுகையை எதிர்பார்த்தோம். “நங்கூரம் நன்றாகப் பிடித்திருக்கிறதா? அப்பா என்ன சொல்கிறார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நீரின் மேல் ஆகாயத்தாமரைத் திட்டுகள் கடலை நோக்கி விரைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காட்டி, “அதுதான் கடிகாரம், பார்த்துக்கொண்டே இரு” என்று பேத்தியிடம் சொன்னார். அவள் விழி கொட்டாமல் பார்த்திருந்தாள். மூன்று மணிக்கு மேல் திட்டுகள் தயங்கின. சில ஒரே இடத்தில் சுழன்றன. மூன்றே முக்காலுக்கு, ஒரு சிறு திட்டு தெற்கே மட்டாஞ்சேரியை நோக்கி மெல்லத் திரும்பியது. “தாத்தா, திரும்பிடுச்சு!” என்று அவள் கூவிய கூவலில் படகே ஆடியது. காற்றும் சிறிது எழுந்தது. பாயை ஏற்றினோம், முக்கால் மணி நேரத்தில் துறையை அடைந்தோம். அன்னையார் அதே இடத்தில், அதே குடையின்கீழ் இருந்தார். தந்தையாரின் நனைந்த தலையைத் தம் முந்தானையால் துவட்டினாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நாங்களாகவே ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தோம். எதிர்வாதம் எதுவும் எங்களிடம் மிஞ்சியிருக்கவில்லை. அவர் மனம் மாறியிருப்பாரோ என்ற நப்பாசை இருந்தது, மாறவில்லை. ஆவணியில் இருவரும் புறப்பட்டுச் சென்றனர். இங்கே 2023 முதல் நீர்வழி மெட்ரோ ஓடுகிறது. குளிரூட்டிய படகில் அமர்ந்து கண்ணாடி வழியே காயலைப் பார்க்கிறார்கள். எங்கள் நண்பரின் படகு இன்னும் துறையில்தான் கட்டிக்கிடக்கிறது, இயந்திரம் பழுது பார்க்கப்படாமலே.

சனிக்கிழமைதோறும் ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. நலம் விசாரித்த பிறகு, பேத்தியை அழைக்கச் சொல்கிறார். அவள் ஒரு சிறு நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அன்று ஏற்றம் எத்தனை மணிக்கு என்று படிக்கிறாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை; விரல்களில் எண்ணிக்கொண்டிருப்பார். “சரி, பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். நாளைக்குத் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்” என்கிறார்.